வாசகர் கேள்வி–பதில்: தெரிந்த வரலாறு, பழகும் ஆங்கிலம்

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, இளங்கலை வரலாற்றுத் தேர்வுகளையும் தமிழிலேயே எழுதித் தேறியவள் நான். திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் கழித்து இப்போது முதுகலையில் சேர்ந்திருக்கிறேன். பரிந்துரைக்கப்பட்ட நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. முதல் பக்கத்திலேயே இருபது முப்பது சொற்களுக்கு அகராதியைப் புரட்ட வேண்டியிருப்பதால், பக்கத்தின் முடிவுக்கு வரும்போது அதன் தொடக்கத்தில் என்ன படித்தேன் என்பதே மறந்துவிடுகிறது. எளிய ஆங்கிலத்தில் வரலாறு சொல்லும் நூல்களும் இணையதளங்களும் எவை? சிறுவர் புத்தகங்களை எடுக்கலாம் என்றால், ஏழாம் வகுப்பில் ஆங்கிலவழியில் படிக்கும் என் மகளின் முன் கூச்சமாக இருக்கிறது.
— வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: கூச்சத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. நானும் தமிழ்வழியில் படித்தவன்தான். கல்லூரி நூலகத்தில் முதன்முதலாக எடுத்த ஆங்கில வரலாற்று நூலில் 'கிங்ஸ் சப்ஜெக்ட்ஸ்' என்று பார்த்துவிட்டு, அந்த அரசர் பல பாடங்களைக் கற்றுத் தேர்ந்தவர் போலும் என்று எண்ணிக்கொண்டு நான்கு பக்கங்கள் படித்தேன். அச்சொல்லுக்குக் 'குடிமக்கள்' என்ற பொருளும் உண்டு என்பது ஐந்தாம் பக்கத்தில் அவர்கள் வரி கட்ட மறுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆகவே உங்கள் மகள் சிரித்தால் சிரிக்கட்டும். அவளுடைய பாடநூலே உங்களுக்கு நல்ல தொடக்கம் என்பதைத்தான் இந்தப் பதிலில் சொல்லப்போகிறேன்.

ஒரு நூல் உங்களுக்கு எளியதா, கடினமானதா என்பதை அட்டையில் அச்சிட்டிருக்கும் வயதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பக்கத்தில் உள்ள சொற்களை எண்ணி முடிவு செய்யுங்கள். இரண்டாம் மொழியில் வாசிப்பதைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த பால் நேஷன் போன்ற அறிஞர்கள், யார் துணையுமின்றி ஒரு பனுவலைப் புரிந்துகொண்டு படிக்க அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதாவது 50 சொற்களுக்கு ஒரு சொல் தெரியாமல் இருக்கலாம். 250 சொற்கள் கொண்ட ஒரு பக்கத்தில் ஐந்து சொற்கள். பத்துப் பன்னிரண்டு சொற்கள் தெரியவில்லை என்றால் அகராதியும் பொறுமையும் இருந்தால் கடக்கலாம். நீங்கள் சொல்லும் இருபது முப்பது என்ற கணக்கில் எவராலும் வாசிக்க முடியாது. அதை வாசிப்பு என்று சொல்வதைவிடக் குறுக்கெழுத்துப் புதிர் என்று சொல்லலாம். அந்த நூலை மூடி அலமாரியில் வையுங்கள். அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் சொற்கணக்கு பாதி உண்மைதான். ஒரே அளவு கடினமான இரண்டு பக்கங்களில், ஒன்று வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்க் கிளர்ச்சியைப் பற்றியதாகவும் மற்றொன்று ஜெர்மனியில் நடந்த முப்பதாண்டுப் போரைப் பற்றியதாகவும் இருந்தால், முதலாவது உங்களுக்குப் பாதி நேரத்தில் முடிந்துவிடும். புதிய தலைப்பாகை, அதில் வைத்த தோல் இலச்சினை, சிப்பாய்களின் சினம், கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகள், ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்த ஆங்கிலத் தளபதி கில்லஸ்பி எல்லாம் முன்பே உங்கள் மனத்தில் இருப்பதால், தெரியாத சொல் எதிர்ப்படும்போது அது என்னவாக இருக்கும் என்று கதையே உங்களிடம் சொல்லிவிடுகிறது. இளங்கலை வரலாற்றை முழுமையாகத் தமிழில் படித்த உங்களிடம் இந்தச் சொத்து ஏராளமாக இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல், தெரியாத மொழியில் தெரியாத வரலாற்றைப் படிக்க முனைந்ததுதான் உங்கள் களைப்புக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகம் சமூக அறிவியல் நூல்களைத் தமிழ்வழிக்கும் ஆங்கிலவழிக்கும் தனித்தனியாக வெளியிடுகிறது. இரண்டிலும் அதே பாடம், அதே வரிசை, அதே படங்கள். இணையத்தில் இரண்டையும் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். ஒரு பாடத்தை முதலில் தமிழில் படித்துவிட்டு, மறுநாள் அதே பாடத்தை ஆங்கிலத்தில் படியுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து வரிக்கு வரி ஒப்பிட வேண்டாம். அப்படிச் செய்தால் கண் எப்போதும் தமிழ்ப் பக்கத்துக்கே ஓடிவிடும். ஒரு நாள் இடைவெளி விட்டால் கதை நினைவில் இருக்கும், வாக்கியங்கள் மறந்திருக்கும். அதுவே நமக்கு வேண்டிய நிலை.

2019இல் வெளிவந்த பத்தாம் வகுப்பு நூலில், ஆங்கிலேயருக்கு எதிராகத் தமிழகத்தில் எழுந்த தொடக்ககாலக் கிளர்ச்சிகளைப் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டபொம்மன் கதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் பாளையக்காரர் 'பாலிகர்' ஆகிவிடுவார். கப்பம் 'ட்ரிப்யூட்' என்று வரும். அதற்கடுத்து, கட்டாமல் விட்ட பாக்கிக்கு 'ஏரியர்ஸ்' என்று ஒரு சொல் வரும். அதைக் கண்டு மிரள வேண்டாம். நம் கல்லூரிகளில் மாணவர்கள் 'எனக்கு மூன்று அரியர் இருக்கிறது' என்று சொல்லித் திரிகிறார்களே, அதே சொல்தான். கட்டபொம்மனுக்கும் கும்பெனிக்கும் நடந்த சண்டை ஒரு வகையில் அரியர் சண்டை என்று நினைத்துக்கொண்டால் அச்சொல் இனி மறக்காது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார் என்பதை ஆங்கிலத்தில் 'வாஸ் ஹேங்ட்' என்பார்கள். சட்டையையும் படத்தையும் மாட்டினால்தான் 'ஹங்'. பள்ளியில் இலக்கண ஆசிரியர் சொன்னபோது மண்டையில் ஏறாத இந்த வேறுபாடு, கயத்தாற்றுப் புளியமரத்தோடு சேர்ந்து வந்தால் தானாகவே தங்கிவிடுகிறது.

வரலாற்று ஆங்கிலத்துக்கென்று சில தனிப் பழக்கங்களும் உண்டு. அவற்றை முன்கூட்டித் தெரிந்துகொண்டால் அகராதியில் தேட வேண்டியது குறையும். வினைகளைப் பெயராக்கி ஒரே வாக்கியத்துக்குள் திணிப்பது முதலாவது பழக்கம். 'த அனெக்ஸேஷன் ஆஃப் தஞ்சாவூர் ஃபாலோட் த டெத் ஆஃப் த ராஜா வித்தவுட் எ மேல் ஏர்' என்பது போன்ற வாக்கியத்தில் யார் எதைச் செய்தார் என்பதே மறைந்திருக்கிறது. அதை உடைத்துப் பாருங்கள்: 1855இல் அரசர் இறந்தார், அவருக்கு ஆண் வாரிசு இல்லை, கும்பெனி தஞ்சாவூரைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. மூன்று சிறிய வாக்கியங்கள். நடந்த வரிசையும் சரியாகிவிட்டது. கடினமான பத்தி வரும்போதெல்லாம் இப்படித் தமிழிலோ எளிய ஆங்கிலத்திலோ உடைத்து எழுதிப் பாருங்கள். ஒரு மாதத்தில் மனமே அந்த வேலையைச் செய்யத் தொடங்கிவிடும்.

இரண்டாவது, 'வுட்' என்ற சொல். 'ஹி வுட் லேட்டர் பிகம் கவர்னர்' என்றால் 'பின்னாளில் அவர் ஆளுநரானார்' என்று பொருள். நம் பள்ளி இலக்கணத்தில் 'வுட்' என்றாலே ஐயமோ விருப்பமோ என்று படித்துவிட்டதால், அவர் ஆளுநர் ஆகியிருக்கக்கூடும் என்று புரிந்துகொண்டு தேர்வில் தவறாக எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நூற்றாண்டுக் கணக்கும் அப்படித்தான்: 18ஆம் நூற்றாண்டு என்றால் 1701 முதல் 1800 வரை. தமிழிலும் இதே கணக்கைத்தான் படித்தோம்; இருந்தும் ஆங்கிலத்தில் கண்டால் மனம் 1800க்குத் தாவுகிறது.

இவற்றோடு, வரலாற்றில் சொற்கள் ஜோடி ஜோடியாக வரும் என்பதையும் கவனியுங்கள். தமிழில் போர் மூளும், கிளர்ச்சி வெடிக்கும், அரசர் அரியணை ஏறுவார், முடி துறப்பார், கோட்டை வீழும், உடன்படிக்கை கையெழுத்தாகும். ஆங்கிலத்திலும் அதேபோல் போர் 'ப்ரேக்ஸ் அவுட்', கிளர்ச்சியை 'புட் டவுன்' செய்வார்கள், அரசர் 'கம்ஸ் டு த த்ரோன்'. ஒரு குறிப்பேட்டில் இடப்பக்கம் தமிழ்த் தொடரையும் வலப்பக்கம் ஆங்கிலத் தொடரையும் எழுதிவாருங்கள். தனிச் சொற்களாக எழுத வேண்டாம். என் அனுபவத்தில் இப்படி நூற்றைம்பது இருநூறு தொடர்கள் சேர்ந்துவிட்டால், அரசர்களையும் போர்களையும் பற்றிய எந்த நூலும் முன்போல் அச்சுறுத்துவதில்லை.

மாநிலப் பாடநூலில் ஒரு குறையும் உண்டு. குறைந்த இடத்தில் நிறையப் பெயர்களையும் ஆண்டுகளையும் அடைப்பதால் நடை சில இடங்களில் மூச்சுத் திணறும். நான்கைந்து பாடங்கள் பழகியபின், மத்திய அரசின் பாடநூல்களை உருவாக்கும் என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் 2000களின் பிற்பகுதியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு வெளியிட்ட 'அவர் பாஸ்ட்ஸ்' (Our Pasts) என்ற மூன்று நூல்களுக்குச் செல்லுங்கள். இப்போது அவ்வகுப்புகளுக்குப் புதிய நூல்கள் வந்துவிட்டன. எனினும் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்போர் பழையவற்றை வாங்கிப் பழகியதால் பழைய புத்தகக் கடைகளில் அவை எளிதில் கிடைக்கும். சான்று எது, அதிலிருந்து முடிவுக்கு எப்படி வருகிறோம் என்பதைச் சிறு வாக்கியங்களில் நிதானமாகச் சொல்லும் நூல்கள் அவை. முதுகலை மாணவர் ஒருவர் அவற்றைக் கையில் வைத்திருப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அடுத்து, ஆங்கிலம் பழகும் பெரியவர்களுக்கென்றே படிநிலை வகுத்து எழுதப்பட்ட நூல்கள். ஆக்ஸ்ஃபோர்டு வெளியிடும் 'புக்வர்ம்ஸ்' வரிசையில் தொடக்க நிலை 250 அடிப்படைச் சொற்களுக்குள் எழுதப்பட்டது. முதல் நிலை 400, இரண்டாவது 700, மூன்றாவது 1000, நான்காவது 1400, ஐந்தாவது 1800, ஆறாவது 2500. அவற்றில் 'ஃபேக்ட்ஃபைல்ஸ்' என்ற பிரிவு கதைகளை விடுத்து நகரங்கள், நாடுகள், மனிதர்கள், நிகழ்வுகள் ஆகியவற்றைப் பேசுகிறது. நீங்கள் இரண்டாம் நிலையில் ஒரு நூலை எடுத்து, நான் மேலே சொன்ன ஐந்து சொற்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எளிதாக இருந்தால் மேலே ஏறுங்கள். இத்தகைய நூல்கள் நம் மண்ணுக்கு அந்நியமானவை என்று நினைத்துவிட வேண்டாம். சொற்களை எண்ணி அளந்து வாசிப்பு நூல் எழுதும் முறைக்கு வழிவகுத்தவர்களில் முக்கியமானவரான மைக்கேல் வெஸ்ட், 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியபோது, வங்காளச் சிறுவர்கள் ஆங்கிலப் பாடநூல்களோடு படும் பாட்டைப் பார்த்துத்தான் தம்முடைய வாசிப்பு நூல்களை உருவாக்கினார். இன்று உலகெங்கும் விற்கும் ஒரு முறையின் வேர், உங்களைப் போல் தாய்மொழியில் சிந்தித்துக்கொண்டு ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டிய துணைக்கண்டத்துப் பிள்ளைகளிடம் இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, ஆங்கிலேயச் சிறுவர்களுக்காக எழுதப்பட்ட வேடிக்கை வரலாற்று நூல்களை இப்போதைக்குத் தவிர்க்கச் சொல்வேன். படங்களும் பெரிய எழுத்துகளும் இருப்பதால் எளியவை போலத் தோன்றும். ஆனால் பக்கத்துக்குப் பத்துச் சிலேடையும் கொச்சை மொழியும் இருக்கும்; அங்கே பிறந்து வளர்ந்த எட்டு வயதுப் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும் இடத்தில் நாம் அகராதியில் தேடிக்கொண்டிருப்போம். 1967இல் அனந்த் பை தொடங்கிய 'அமர் சித்திரக் கதை' ஆங்கிலப் பதிப்புகளின் மொழி அந்த அளவுக்குச் சிரமம் தராது. ஆயினும் புராணமும் செவிவழிக் கதையும் வரலாறும் ஒரே வண்ணத்தில் வரையப்பட்டிருப்பதை நினைவில் வைத்துக்கொண்டு, மொழிக்காக மட்டும் படியுங்கள்.

பாடநூலிலிருந்து முழு நூலுக்கு மாற இரண்டு பாலங்களைச் சொல்கிறேன். 1928ஆம் ஆண்டுக் கோடையில் முசூரியில் இருந்த பத்து வயது மகளுக்கு அலகாபாத்திலிருந்து நேரு எழுதிய கடிதங்கள், மறு ஆண்டு நூலாக வந்தன. பூமி தோன்றியதிலிருந்து பழைய நாகரிகங்கள் வரை பேசும் அந்தச் சிறு நூலில், ஒரு தந்தை பத்து வயதுப் பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு பேசும் ஆங்கிலம் இருக்கிறது. அறிவியல் செய்திகள் சில பழையதாகிவிட்டன, மொழி பழையதாகவில்லை. சிறையிலிருந்து அவர் எழுதி 1934இல் வெளிவந்த உலக வரலாற்றுக் கடிதங்கள் மிகப் பெரியவை. அவற்றை வரிசையாகப் படிக்காமல், உங்கள் பாடத்திட்டத்துக்குப் பொருந்தும் கடிதங்களை மட்டும் பொறுக்கிப் படியுங்கள். இன்னொரு நூல், கலை வரலாற்றறிஞர் கோம்ப்ரிச் 1935இல் ஜெர்மன் மொழியில் எழுதிய சிறிய உலக வரலாறு. ஆங்கிலத்துக்கு 2005இல்தான் வந்தது. அத்தியாயங்கள் சிறியவை, வாக்கியங்கள் தெளிவானவை. ஐரோப்பாவின் சாளரத்தில் நின்றுகொண்டுதான் உலகைப் பார்க்கிறது என்பதால் தென்னிந்தியாவை அதில் தேட வேண்டாம்.

இணையத்தில் 2001 முதல் 'சிம்பிள் இங்கிலிஷ் விக்கிப்பீடியா' என்ற தனிப் பதிப்பு இருக்கிறது. வழக்கமான ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திறந்து, மொழிகளின் பட்டியலில் 'தமிழ்' இருக்கும் அதே இடத்தில் 'சிம்பிள் இங்கிலிஷ்' இருக்கிறதா என்று பாருங்கள். சிறு வாக்கியங்களில் எழுத வேண்டும் என்பது அதன் விதி. தன்னார்வலர்கள் எழுதுவதால் சில கட்டுரைகள் விதியைக் காப்பாற்றுகின்றன. சில, பெரிய கட்டுரையை அப்படியே கொண்டுவந்து ஒட்டியவையாக இருக்கின்றன. நம் வரலாறு அங்கே மெலிந்துதான் கிடக்கிறது. ஒரு தலைப்பில் இறங்குமுன் பத்து நிமிடம் பார்த்துக்கொள்வதற்கு உதவும். தேர்வு விடைக்கு ஆதாரமாகாது.

வாங்குவதற்கு முன் ஒருமுறை சென்னைக்கோ மதுரைக்கோ செல்ல வாய்ப்புக் கிடைத்தால், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ 2023இல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ சிறுவர் பகுதியில் அரை நாள் உட்காருங்கள். பத்து நூல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து எண்ணிப் பாருங்கள். முதல் பக்கத்தை நம்ப வேண்டாம். அதை எல்லா ஆசிரியர்களும் கவனமாக எளிமைப்படுத்தியிருப்பார்கள்.

கேள்வி: கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலிகள் இருக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு? முழுப் பக்கத்தையும் தமிழாக்கிப் படித்துவிட்டால் என்ன?
— வாசகர், கரூர்

பதில்: செய்தியை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆங்கிலம் பழக வேண்டும் என்றால், பிறர் நடந்து நமக்கு உடல் இளைக்காது. மேலும் வரலாற்றில் பழகிய சொற்களே வேறு பொருளில் வரும் என்பதால் பொறியும் சறுக்கக்கூடிய இடங்கள் உண்டு. 'க்ரவுன்' என்பது பல இடங்களில் கிரீடத்தைக் குறிக்காது, அரசு என்ற அமைப்பைக் குறிக்கும். 1858இல் இந்திய ஆட்சி கும்பெனியிடமிருந்து 'க்ரவுன்' கைக்குப் போயிற்று என்ற வாக்கியத்தில் கிரீடத்தைப் போட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். 'ஹவுஸ்' அரச குலமாகவோ அவையாகவோ இருக்கலாம்; 'கேம்பெய்ன்' தேர்தல் பரப்புரையாக இல்லாமல் படையெடுப்பாக இருக்கலாம். இந்த வேறுபாடுகளுக்கு ஆங்கிலம்–தமிழ் அகராதி மட்டும் போதாது. கற்போருக்கான ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். 'லாங்மன்' அகராதி ஏறத்தாழ 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லாச் சொற்களையும் விளக்க முயல்வது. ஒரு சொல்லின் விளக்கத்தைப் புரிந்துகொள்ள வேறு மூன்று சொற்களைத் தேடும் அவலம் பெரும்பாலும் நேராது.

உரையாடும் செயலிகளிடம் ஒரு பத்தியைக் கொடுத்து எளிய ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லும் வழக்கமும் இப்போது பரவியிருக்கிறது. கையில் மூலப் பத்தி இருக்கும்வரை அதில் தவறில்லை. எளிமையாக்கிய பத்தியை முதலில் படித்துவிட்டு மூலத்துக்குத் திரும்புங்கள். ஆண்டுகளையும் பெயர்களையும் மூலத்தோடு சரிபாருங்கள். மூலம் இல்லாமல் 'சோழர் வரலாற்றை எளிதாகச் சொல்' என்று வெறுங்கையோடு கேட்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். வருகிற விடை வழவழவென்று இருக்கும். அதில் ஒரு பிழை இருந்தால் கண்டுபிடிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் தமிழில் படித்த என் அம்மாவுக்கு 58 வயதாகிறது. லண்டனில் எங்களுடன் இருக்கிறார். நிரந்தரமாகத் தங்குவதற்காக 'லைஃப் இன் த யூ.கே.' தேர்வு எழுத வேண்டும். கைநூலின் வரலாற்றுப் பகுதியைத் திறந்தாலே கண்கலங்குகிறார். எளிதாக்க வழியுண்டா?
— வாசகர், கிழக்கு லண்டன்

பதில்: தேர்வு 45 நிமிடம், 24 கேள்விகள், 18 சரியாக இருந்தால் தேர்ச்சி. 65 வயதானவர்களுக்கு விலக்கு உண்டு. அம்மாவுக்கு அந்த வயது வர இன்னும் காலம் இருப்பதால் படிக்கத்தான் வேண்டும். கேள்விகள் அந்த அதிகாரபூர்வக் கைநூலிலிருந்தே வருவதால் அதை விட்டுவிட முடியாது. ஆனால் அதிலேயே தொடங்க வேண்டியதில்லை. கற்காலத்திலிருந்து நம் காலம் வரை ஒரே அத்தியாயத்தில் ஓடும் அந்த வரலாறு, முன்பே கதை தெரிந்தவர் திரும்பிப் பார்ப்பதற்கு ஏற்ற சுருக்கம்.

ஆகவே கதையை முதலில் தமிழில் நீங்களே சொல்லுங்கள். சமைக்கும்போதோ மாலையில் நடக்கும்போதோ ஒரு நாளைக்கு ஒரு நிகழ்ச்சி. 1066இல் நார்மண்டியிலிருந்து வில்லியம் கடல் கடந்து வந்து ஹேஸ்டிங்ஸில் வென்றது. 1215இல் பிரபுக்கள் ஜான் மன்னரை மடக்கி மேக்னா கார்ட்டாவுக்கு இணங்க வைத்தது. 1348இல் வந்த கொள்ளைநோய். ஆண் வாரிசுக்காக எட்டாம் ஹென்றி ஆறு முறை மணந்த கதை. கடைசிக் கதையை எந்த அம்மாவும் மறக்கமாட்டார், கூடவே அவரவர் கருத்தும் சொல்வார். ரோமன் திருச்சபையிலிருந்து இங்கிலாந்து பிரிந்த சிக்கலான பகுதி அந்த மணக்கதையின் வாலைப் பிடித்துக்கொண்டே வந்துவிடும்.

பிறகு பி.பி.சி.யின் 'பைட்சைஸ்' தளத்தில் ஏழு முதல் பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கான வரலாற்றுப் பக்கங்களைத் திறந்து, முன்பே சொன்ன அதே நிகழ்ச்சியைச் சேர்ந்து வாசியுங்கள். கட்டணமில்லை, படங்களும் சிறு காணொளிகளும் இருக்கும். மூன்றாவது சுற்றில்தான் கைநூல். இந்த வரிசையில் போனால் கைநூலின் ஒவ்வொரு வாக்கியமும் 'ஓ, அதுவா' என்று வரவேற்கப்படும்.

அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்த வரலாறு ஒன்றும் இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள். 1815இல் கண்டி உடன்படிக்கை, சோல்பரி அரசியலமைப்பு, 1948இல் சுதந்திரம் ஆகியவற்றை அவர் பள்ளியில் தமிழில் படித்திருப்பார். பிரித்தானியப் பேரரசைப் பற்றிய பக்கங்களை அங்கிருந்து தொடங்கினால், தாம் வெளியாள் என்ற எண்ணம் சற்றுக் குறையும். உங்கள் உள்ளூராட்சி நூலகத்தில் ஆங்கிலம் பழகும் பெரியவர்களுக்கென ஒரு தனி அடுக்கு இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். பல நூலகங்களில் இருக்கும்.

கேள்வி: வாசிப்பதைவிடக் கேட்பது எனக்கு எளிதாக இருக்கிறது. மெதுவான ஆங்கிலத்தில் வரலாறு கேட்க வழியுண்டா?
— வாசகர், ஓசூர்

பதில்: உண்டு. 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலி, ஆங்கிலம் பழகுவோருக்கென்று ஏறத்தாழ 1500 சொற்களுக்குள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் பேசும் சேவையை 1959 அக்டோபரில் தொடங்கியது. அதில் அமெரிக்க வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொல்லும் 'த மேக்கிங் ஆஃப் எ நேஷன்' தொடர் மிகவும் பயனுள்ளது. 2025 மார்ச்சில் அந்நிறுவனத்தின் பணிகள் முடக்கப்பட்டதால் புதியவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். பழைய பகுதிகளை ஒலியும் எழுத்துவடிவமும் சேர்ந்து கிடைக்கும்படி தேடிப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். முதல்முறை எழுத்தைப் பாராமல் கேளுங்கள், இரண்டாம்முறை பார்த்துக்கொண்டு கேளுங்கள். பேருந்தில் கேட்பதானால் ஏற்கெனவே வீட்டில் ஒருமுறை கேட்டதையே கேளுங்கள். நம் நகரப் பேருந்தின் இரைச்சலில் புதிய சொல் எதுவும் காதில் ஏறாது.

கேள்வி: மட்டக்களப்பில் தரம் 9 மாணவன் நான். தமிழ்வழியில் படிக்கிறேன். நீங்கள் முன்பு ஓர் இதழில் சொன்னதுபோல் இருமொழிப் பாடநூல்களை ஒப்பிட்டுப் படிக்கும் வசதி தமிழ்நாட்டாருக்கு மட்டுமா?
— வாசகர், மட்டக்களப்பு

பதில்: உங்களுக்கு இன்னும் ஒரு மொழி கூடுதலாகவே இருக்கிறது, தம்பி. இலங்கையின் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் வரலாற்றுப் பாடநூல்களைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வெளியிடுகிறது. திணைக்களத்தின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். உங்கள் தரம் 9 நூலின் ஆங்கிலப் பதிப்பில் கைவைக்காமல், சென்ற ஆண்டு படித்து முடித்த தரம் 8 நூலின் ஆங்கிலப் பதிப்பிலிருந்து தொடங்குங்கள். அதில் உங்களுக்கு மிகவும் பிடித்திருந்த பாடத்தை முதலில் எடுங்கள். முதல் பாடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சட்டமில்லை. இடப்பெயர்கள் மட்டும் சிலநேரம் திகைக்க வைக்கும்: யாழ்ப்பாணம் 'ஜாஃப்னா' என்றும், திருகோணமலை 'ட்ரிங்கோமலி' என்றும், உங்கள் ஊர் 'பட்டிக்கலோவா' என்றும் இருக்கும். ஒரு நாட்டுப்படத்தில் இரண்டு பெயர்களையும் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள்.